குழந்தைப் பாடல்களில் தேனீ: சொல்லும் பொருளும்

குழந்தைப் பாடல்களில் பயின்றுவரும் உயிரினங்களுள் தேனீயின் நிலை சற்று வேறுபட்டது. காக்கை, குருவி, பசு, நாய் ஆகியவற்றைக் குழந்தை நாள்தோறும் காண்கிறது. பாட்டில் அவை வரும்பொழுது, தான் முன்பே அறிந்த ஒன்றைச் சொல்லின் வழியாக மீண்டும் அடையாளங் கண்டு மகிழ்கிறது. தேனீ அத்தகையதன்று. அதனை அணுகிப் பார்க்கக் குழந்தைக்கு இசைவு கிடைப்பதில்லை. ‘கொட்டிவிடும், போகாதே’ என்னும் எச்சரிக்கையே முதலிற் காதில் விழுகிறது. எனவே தேனீயைப் பற்றிக் குழந்தை அறிவனவற்றுட் பெரும்பகுதி பாட்டின் வழியாகவும் பாட்டை அடுத்து அச்சிடப்பெறும் படத்தின் வழியாகவும் வருவதே. காக்கையைப் பற்றிப் பாட்டு தவறாகச் சொன்னால் சுவர்மேல் வந்து அமரும் காக்கை அதனைத் திருத்திவிடும். தேனீயைப் பற்றிய தவற்றைத் திருத்த அங்கு எவரும் இலர். (பாரதியாரின் பாப்பாப் பாட்டில் குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு எனக் குழந்தையின் முற்றத்து உயிர்கள் அணிவகுக்கின்றன, தேனீ இல்லை. அப்பாட்டின் நோக்கு பழகத்தக்க உயிர்களோடு அமைவதால் இது இயல்பே.)

தொடக்கப் பள்ளி வகுப்புகளில் தேனீயையும் பிற மகரந்தச் சேர்க்கை உயிர்களையும் அறிமுகப்படுத்தும் கருவியாகப் பாட்டு பயன்படும்பொழுது, அப்பாட்டின் சொல்லும் யாப்பும் கருத்தும் அப்பணிக்கு எவ்வளவு துணைபுரிகின்றன, எங்கே தடையாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழே முதன்மை, ஒப்புநோக்கத் தேவைப்படும் இடங்களில் வங்காளம், மலையாளம், இந்தி முதலிய மொழிகளின் வழக்குகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தேனும் ஈயும்

தமிழில் தேனீ என்பது தேன், ஈ என்னும் இரு சொற்களின் கூட்டு. இதன் பொருளமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் தேனீச்ச, தெலுங்கில் தேனெடீக, கன்னடத்தில் ஜேனுநொண, இந்தியில் மதுமக்கீ, மராத்தியில் மதமாசீ, வங்காளத்தில் மௌமாச்சி என்பன வழங்குகின்றன. இவை அனைத்தும் தேன் என்னும் பொருளுடைய ஒரு சொல்லையும் ஈ என்னும் பொருளுடைய ஒரு சொல்லையும் இணைத்தே உருவானவை. திராவிட மொழிகள், இந்தோ-ஆரிய மொழிகள் என்னும் வேறுபாடின்றி இவ்வமைப்பு நிலவுவது கருதத்தக்கது. இந்நாட்டுக் குழந்தை எம்மொழியில் பேசினாலும் தேனீயை ஒருவகை ஈயாகவே முதலில் உணர்கிறது. உயிரியலின்படி இரண்டும் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்தவை. ஈக்கு இரண்டு சிறகுகள், தேனீக்கு நான்கு. தேனீக்கு நெருங்கிய உறவு குளவியும் எறும்புமே. பெயரை மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டுவதில்லை. ஆயினும் சிறகுகளை எண்ணிப் பாடும் ஓர் எண்ணுப் பாட்டு இக்குழப்பத்தை எளிதில் நீக்கிவிடும். எண்ணுப் பாட்டுகள் தமிழில் மிகுதியாக இருந்தும் இவ்வகையில் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள முனைந்தோர் அரியர்.

வண்டு என்னும் சொல் இதனினும் சிக்கலானது. சங்க இலக்கியத்தில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என மலரை நாடும் உயிர்களுக்குப் பல பெயர்கள் வழங்கின. உரையாசிரியர்கள் இவற்றை வேறுபடுத்த முயன்றுள்ளனர்; இன்றைய இனப் பகுப்போடு அவற்றைத் துல்லியமாகப் பொருத்துவது எளிதன்று. இன்றைய பேச்சு வழக்கிலோ வண்டு என்பது அரிசியில் இருப்பது, தென்னங்குருத்தைத் துளைப்பது, விளக்கைச் சுற்றுவது, காதினுள் புகுவது என்றெல்லாம் விரிந்துவிட்டது. தும்பி என்றால் பல ஊர்களில் தட்டானையே குழந்தைகள் கருதுகின்றனர். தட்டான் மலரை நாடுவதில்லை. அது பிற பூச்சிகளைப் பிடித்துண்பது. தும்பி தேன் குடிப்பதாகப் பாடும் குழந்தையின் மனத்தில் தோன்றும் உருவம் எது என்பதை ஆசிரியர் ஒருமுறையேனும் கேட்டறிதல் நலம்.

இவ்வளவு குழப்பமும் இருக்கப் பாடலாசிரியர்கள் தேனீயைவிட வண்டையே மிகுதியாக நாடுவது ஏன்? காரணம் பெரும்பாலும் ஒலியே. வண்டு என்றதும் கண்டு, உண்டு, செண்டு, கொண்டு, இரண்டு என எதுகையும் இயைபும் வரிசையாக வந்து நிற்கின்றன. வினையெச்சமும் பெயரும் எண்ணுப் பெயரும் இவ்வொலியில் அமைவதால் நான்கு அடிப் பாட்டு ஒன்று ஏறத்தாழத் தானாகவே உருவாகிவிடுகிறது. தேனீ என்னும் சொல்லுக்கு அத்தகைய உறவுகள் குறைவு. ‘வா நீ’, ‘ஏன் நீ’ என முன்னிலைச் சொற்களே கைகொடுக்கின்றன. அதனால்தான் தேனீப் பாடல்கள் பலவும் தேனீயைப் பற்றிப் பேசுவதினும் தேனீயை அழைத்துப் பேசுவனவாக முடிகின்றன. அழைக்கப்பட்ட தேனீ விடை கூற வேண்டும்; விடை கூறினால் அறிவுரைதான் கூறும். யாப்பின் ஒரு சிறு நெருக்கடி பாட்டின் பொருளையே வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது.

தேன் என்ற சொல்லும் ஆய்வுக்குரியது. மலரில் சுரப்பதும் தேன், அடையில் இருப்பதும் தேன் என்பதே தமிழ் வழக்கு. வேளாண்மை நூல்கள் மலரில் உள்ளதை ‘மதுரம்’ என வேறுபடுத்துவதுண்டு. அச்சொல் பேச்சில் வேரூன்றவில்லை. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் தேனீ செய்யும் பணி மறைந்துபோகிறது. குடத்திலிருந்து குடத்திற்கு நீர் மொண்டு ஊற்றுவது போல, மலரில் இருந்த தேனை எடுத்துவந்து கூட்டில் வைக்கும் சுமைகாரனாகவே பாட்டில் தேனீ தோன்றுகிறது. உண்மையில் மலரின் சுரப்பு நீர்த்த சர்க்கரைக் கரைசலே. தேனீ அதைத் தன் வயிற்றுப் பையில் ஏந்திவந்து, நொதிகளைச் சேர்த்து, பிற தேனீக்களுடன் வாய்மாற்றி, சிறகடித்து நீரை ஆவியாக்கி, நீரளவு நூற்றுக்கு 20க்குக் கீழ் வந்த பின்னரே அறையை மெழுகால் மூடுகிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் உண்டாவதைச் சொல்லுமிடத்து ‘இழைத்தல்’ என்னும் வினையை ஆள்கிறார். எடுத்தலும் அன்று, சேர்த்தலும் அன்று, இழைத்தல். நூலை இழைப்பது போல, மரத்தை இழைப்பது போல, ஒன்றை வேறொன்றாக ஆக்கும் கைவினை அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வினைச்சொல் இன்றைய பாடநூற் பாட்டைவிடத் துல்லியமாக அமைந்துள்ளது என்பதில் மிகையில்லை.

அறம் உரைக்கும் தேனீ

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட தேனீப் பாடல்களுள் பெரும்புகழ் பெற்றது ஐசக் வாட்ஸ் 1715இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. சோம்பலைக் கடிவதே அதன் நோக்கம். தேனீ ஓயாது உழைக்கிறது. குழந்தையும் அவ்வாறு உழைத்தல் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மனப்பாடம் செய்யப்பெற்ற அப்பாட்டை 1865இல் லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையில் தேனீயை முதலையாக மாற்றி எள்ளினார். எள்ளல் செய்தும் பாட்டின் வழித்தடம் அழியவில்லை. ஆங்கிலக் கல்வியோடு அது இந்தியாவிற்கும் வந்தது. வங்காளத்தில் நவகிருஷ்ண பட்டாசார்யர் எழுதிய ‘காஜேர் லோக்’ என்னும் பாட்டில், குழந்தை தேனீயைச் சற்று நிற்கச் சொல்கிறது. பூக்கள் மலர்ந்துள்ளன, தேன் சேர்க்கப் போகிறேன், நிற்க நேரமில்லை எனத் தேனீ விடை கூறுகிறது. பறவையும் எறும்பும் அவ்வாறே கூறுகின்றன. வங்காளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் பாட்டு அது. அதன் தாளமும் உரையாடல் அமைப்பும் சிறப்புடையன. வாட்ஸின் பாட்டில் இல்லாத ஒரு நயம் இதில் உண்டு: விளையாடத் துணை தேடும் குழந்தையின் தனிமை. அந்நயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தேனீ இங்கும் உழைப்பின் சான்றாகவே நிற்கிறது.

தமிழ் மரபு இவ்வறத்தை அப்படியே ஏற்றதா எனில், இல்லை. நாலடியாரின் செல்வம் நிலையாமை அதிகாரத்துப் பத்தாம் பாட்டு, தானும் உண்ணாது பிறர்க்கும் ஈயாது ஈட்டிவைப்போர் அச்செல்வத்தை இழப்பர் என்பதற்குத் தேனீயையே சான்றாகக் காட்டுகிறது. அங்கே தேனீ பின்பற்றத்தக்கதன்று, இரங்கத்தக்கது. இன்றைய பள்ளிப் பாட்டில் அதே செயல் சேமிப்பு என்னும் பெயரால் புகழப்படுகிறது. ஒரே உயிர், ஒரே செயல். ஒருவர்க்கு எச்சரிக்கை, மற்றொருவர்க்கு முன்மாதிரி. அறங்கள் தேனீயிடமிருந்து பெறப்பட்டவை அல்ல, தேனீயின்மீது ஏற்றப்பட்டவை என்பதற்கு இம்முரணே போதுமான சான்று.

ஓயாத உழைப்பு என்பதுங்கூட உற்றுநோக்கில் நிலைபெறவில்லை. செருமானிய அறிஞர் மார்ட்டின் லிண்டாவர் ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயைத் தொடர்ந்து கவனித்து 1952இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 177 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 70 மணி நேரம் எச்செயலும் இன்றி இருந்ததாகப் பதிவு செய்துள்ளார். எஞ்சிய நேரத்திலும் கணிசமான பகுதி கூட்டினுள் வெறுமனே சுற்றிவருவதிற் கழிந்தது. வாட்ஸ் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இன்றைய பாடநூற் குழு அறிந்திருக்கலாம்.

அறம் ஏற்றும் பாட்டில் பாலினச் சிக்கலும் உண்டு. தமிழ் இலக்கணத்தில் தேனீ அஃறிணை. ‘பறந்தது’, ‘வந்தது’ என்பனவற்றில் ஆண் பெண் என்னும் பகுப்பு இல்லை. இந்தியில் மதுமக்கீ பெண்பாற் சொல், பௌன்ரா என்னும் கருவண்டு ஆண்பாற் சொல். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். மலருக்குச் செல்லும் தேனீக்கள் அனைத்தும் பெண்ணே ஆதலால் இந்தியின் இலக்கணப் பால் தற்செயலாக உண்மையோடு பொருந்தி நிற்கிறது. தமிழின் பொதுமை அதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் பாடலாசிரியர் அங்கே நிற்பதில்லை. தேனீயைத் தம்பி என்றும் அண்ணன் என்றும் மாமா என்றும் விளிக்கத் தொடங்கியதும், இலக்கணம் தவிர்த்த பிழை உறவுமுறையின் வழியே உள்ளே வந்துவிடுகிறது. உழைப்பவர் ஆண் என்னும் முன்முடிவே இதற்குக் காரணம் எனலாம். இது பழைய பழக்கமே. திருவாசகத்தின் திருக்கோத்தும்பி அரச வண்டை விளித்துப் பாடும் இருபது பாடல்களைக் கொண்டது. ஐரோப்பாவிலும் கூட்டின் தலைமைத் தேனீயை அரசன் என்றே நெடுங்காலம் கருதினர். 1609இல் சார்லஸ் பட்லர் எழுதிய நூலே அது அரசி என்பதை ஆங்கில உலகிற் பரப்பியது. பக்திப் பாட்டில் வரும் கோத்தும்பியை உயிரியலால் அளப்பது பொருந்தாது. வகுப்பறைப் பாட்டை அவ்வாறு அளந்தே ஆகவேண்டும்.

கருதாமற் செய்த நன்மை

மேற்கூறிய பாடல்கள் அனைத்திலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அதுவே இன்று குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியதாக உள்ளது: மகரந்தச் சேர்க்கை. பழம்பாடல்களை இதற்காகக் குறைகூற இயலாது. செடிகளில் பாலினம் உண்டென்பதை 1694இல் கமெராரியஸ் நிறுவினார். பூச்சிகள் அதில் ஆற்றும் பங்கைக் கோல்ராய்ட்டர் 1761 முதல் வெளியிட்ட ஆய்வுகளும் ஸ்ப்ரெங்கெல் 1793இல் வெளியிட்ட நூலும் விளக்கின. அதுவரை மலருக்கும் தேனீக்கும் உள்ள உறவு ஒருவழிக் கொடையாகவே தோன்றியது. மலர் கொடுக்கிறது, தேனீ பெறுகிறது.

வியப்பிற்குரியது, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பாடல்கள் பெரும்பாலும் தேனிலேயே நின்றுவிடுவதுதான். இதற்குச் சொல்லின் சுமை ஒரு காரணம். ‘மகரந்தச் சேர்க்கை’ என்னும் தொடர் ஐந்து வயதுக் குழந்தையின் நாவிற்கும் நான்கு சீர் அடியின் இடத்திற்கும் மிகப் பெரிது. தாது என்னும் பழந்தமிழ்ச் சொல் சிறியது, இனியது; ஆயின் இன்றைய வழக்கில் இரும்புத் தாது, தாது உப்பு என்னும் பொருள்களே முன்னிற்கின்றன. பூந்தாது எனின் ஓரளவு தெளிவு பிறக்கும். ‘பூத்தூள்’, ‘மஞ்சள் தூள்’ என்பன குழந்தையின் சொற்கள். சமையலறையில் மஞ்சள் தூள் பட்டுக் கறையான கையைக் குழந்தை அறியும். கலைச்சொல் பின்னர் வரட்டும்.

இரண்டாவது காரணம் ஆழமானது. உழைப்பையும் சேமிப்பையும் அறமாக்கலாம். மகரந்தச் சேர்க்கையை அவ்வாறு ஆக்க இயலாது. ஏனெனில் தேனீ அதைக் கருதிச் செய்யவில்லை. தனக்கும் தன் கூட்டிற்கும் உணவு தேடிச் செல்கிறது. மேனியின் மயிர்களில் தூள் ஒட்டுகிறது. அடுத்த மலரின் சூல்முடியில் அதிற் சிறிது படிகிறது. நன்மை விளைகிறது, நல்லெண்ணம் இல்லை. அறத்தையே பழகிய பாட்டிற்கு இது புதிய நிலை. எனவே அண்மைக் காலப் பாடல்கள் சில தேனீயைத் தொண்டனாக்குகின்றன: பூவுக்கு உதவ வந்தேன், உழவர்க்கு உதவ வந்தேன் எனத் தேனீ தானே பறைசாற்றுகிறது. பழைய அறப்பாட்டின் இடத்தில் புதிய அறப்பாட்டு வந்தது, அவ்வளவே. இவ்வகைப் பாட்டோடு வரும் படங்களில் தேனீ தன் பின்னங்காலில் உள்ள மஞ்சள் உருண்டையை மலருக்கு நீட்டுவதும் உண்டு. அவ்வுருண்டை தேன்நீரால் நனைத்து இறுக்கிக் கூட்டிற்குக் கொண்டுசெல்லப்படும் உணவு. மலருக்கு எளிதிற் கிட்டுவதன்று. மகரந்தச் சேர்க்கைக்குப் பெரிதும் பயன்படுவது உடலில் உதிரியாக ஒட்டியிருக்கும் தூளே. அதாவது, தேனீ துடைத்தெடுக்கத் தவறியதே மலருக்குக் கிடைக்கிறது. குழந்தைக்கு இது சொல்லக்கூடாததன்று. சோறு உண்ணும்பொழுது மேலெல்லாம் சிந்திக்கொள்ளும் குழந்தைக்கு இதனினும் எளிதில் விளங்கும் செய்தி வேறில்லை.

இத்தகைய உண்மையைப் பாட்டில் எவ்வாறு அமைப்பது என்பதற்கு மலையாளத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. குமாரன் ஆசானின் ‘புஷ்பவாடி’ 1922இல் வெளிவந்தது. அதில் உள்ள ‘குட்டியும் தள்ளயும்’ என்னும் பாட்டில், கொடியிலிருந்து பூக்கள் பறந்து போகின்றன எனக் குழந்தை தாயிடம் சொல்கிறது. அவை பூக்கள் அல்ல, பட்டாம்பூச்சிகள் எனத் தாய் திருத்துகிறாள். தானும் அவற்றோடு சென்று விளையாட விழையும் குழந்தைக்கு அது கூடாமையையும் எடுத்துச் சொல்கிறாள். இப்பாட்டில் குழந்தை முதலிற் பார்க்கிறது. பின் தவறாக முடிவு செய்கிறது. தவறு கடியப்படவில்லை, திருத்தப்படுகிறது. தவறேகூட அழகாக இருக்கிறது என்பதே பாட்டின் உயிர். தேனீப் பாடல்கள் பலவற்றில் குழந்தை பார்ப்பதே இல்லை; கேட்டுக்கொள்கிறது. ஆசானின் அமைப்பைத் தேனீக்குப் பொருத்துவது கடினமன்று. ‘தேனீ முகமெல்லாம் மஞ்சள் பூசி வருகிறதே’ எனக் குழந்தை வியக்க, அதற்குத் தாய் விடை கூறும் ஒரு பாட்டில் முழுப் பாடமும் அடங்கிவிடும்.

எம்மலர், எவ்வுயிர்

பட்டியற் பாட்டு குழந்தைப் பாடலின் பழம் வடிவம். தேனீ ரோசாவிற்குப் போயிற்று, மல்லிகைக்குப் போயிற்று, செம்பருத்திக்குப் போயிற்று, தாமரைக்குப் போயிற்று என அடுக்கிச் செல்லும் பாட்டு மலர்ப் பெயர்களைக் கற்பிக்க உதவும். தேனீயைக் கற்பிக்க அது உதவாது. ஒரு முறை கூட்டிலிருந்து புறப்படும் தேனீ பெரும்பாலும் ஒரே வகை மலரையே தொடர்ந்து நாடுகிறது. அவ்வாறு நாடுவதாலேயே கத்தரித் தூள் கத்தரிக்கும் எள்ளின் தூள் எள்ளிற்கும் சென்று சேர வாய்ப்பு உண்டாகிறது; பல மலர்களில் மாறி மாறித் திரியின் தூள் வீணாகும். மலருக்கு மலர் தாவும் வண்டைப் பரத்தனுக்கு உவமை கூறுவது இலக்கிய வழக்கு. தேனீயைப் பொறுத்தவரை அவ்வுவமை பழியாகவே முடிகிறது.

பட்டியலில் உள்ள மலர்களும் ஆராயத்தக்கன. மல்லிகை மாலையில் மலர்ந்து இரவில் மணப்பது. வெண்ணிறமும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் மலர்களின் இயல்பு. தேனீயின் கண் சிவப்பு நிறத்தைப் பிரித்தறிவதில்லை. செம்பருத்தியும் கல்யாண முருங்கையும் தேன்சிட்டிற்கே பெரிதும் உரியன. இலவ மரத்தின் பூவை இரவில் வௌவால் நாடுகிறது. மாம்பூவில் மிகுதியாகக் காணப்படுவன ஈக்கள். குழந்தைப் பாட்டில் ஈக்கு இழிவைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை. மாம்பழத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டென ஒரு பாட்டேனும் சொல்லலாம். முருங்கைப் பூவையும் துவரைப் பூவையும் நாடிவரும் பெரிய கருவண்டு, காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீயாகும். அதனைக் கண்டால் குழந்தைகள் ஓடுகின்றனர். உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000. அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதும் இல்லை, தேனடை கட்டுவதும் இல்லை. பாட்டில் வரும் கூடு, இராணி, தேன் என்னும் மூன்றும் மிகச் சிலவற்றிற்கே உரியவை.

இந்தியச் சூழலில் இராணியும் கூடுமே எடுத்துக்கொள்ளப்படினும், எத்தேனீ என்னும் வினா எஞ்சுகிறது. பாறையிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ, புதர்க் கிளையில் சிற்றடை கட்டும் கொம்புத் தேனீ, மரப்பொந்தில் பல அடைகள் கட்டும் இந்தியத் தேனீ, சுவர் வெடிப்பில் வாழும் கொடுக்கற்ற கொசுத்தேனீ என்பன இம்மண்ணுக்கு உரியன. இத்தாலியத் தேனீ 1960களின் தொடக்கத்தில் வடநாட்டில் நிலைபெறச் செய்யப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய நச்சுயிரி நோயால் இந்தியத் தேனீயின் வளர்ப்புக் கூடுகளில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. இத்தகைய வரலாறுடைய நாட்டின் பாடநூற் படத்தில் ஐரோப்பியரின் வைக்கோற் கூடு கிளையில் தொங்குவதும், மஞ்சளும் கறுப்புமான பட்டைகளோடு தேனீ புன்னகைப்பதும் வருந்தத்தக்கன. கொசுத்தேனீ கொட்டாது. அச்சத்தை நீக்கிப் பார்வையைத் தொடங்குவதற்கு அதனினும் ஏற்ற உயிர் இல்லை. அதன்மீது ஒரு பாட்டு இருப்பின், பள்ளிச் சுவரின் துளை ஒன்றே ஆய்வுக்கூடம் ஆகிவிடும்.

அச்சத்தைப் பாடுதல்

2018 முதல் மே 20ஆம் நாள் உலகத் தேனீ நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அந்நாளையொட்டிப் பள்ளிகளிற் பாடப்பெறும் பாடல்களில், தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனிதன் அழிவான் என ஐன்ஸ்டீன் கூறியதாக ஒரு செய்தி இடம்பெறுவதுண்டு. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று இல்லை. கருத்தும் சரியன்று. நெல், கோதுமை, சோளம் முதலியன காற்றாலோ தம்முள்ளேயோ சூல்கொள்வன. 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்தவை. விளைச்சல் அளவிற் கணக்கிட்டால் அவற்றின் பங்கு நூற்றுக்கு 35. தேனீ இல்லையெனில் சோறு இருக்கும். தட்டில் சோற்றைச் சுற்றியுள்ள பலவும் குறையும். ஏலமும் பூசணியும் பாகலும் எள்ளும் அவ்வரிசையில் வரும். உலகம் அழியும் என்பதைவிட, பூசணிக்காய் பிஞ்சிலேயே வெம்பி விழும் என்பது குழந்தைக்குக் கண்முன் நிற்கும் செய்தி. தோட்டத்தில் அதனைக் காணவும் கூடும்.

ரீங்காரமும் ஆடலும்

பாட்டு உரைநடையினின்று வேறுபடுவது ஒலியாலும் உடலசைவாலும். இவ்விரண்டிலும் தேனீயின் உலகம் வளமானது. பாடலாசிரியர்கள் ரீங்காரத்தை முதலடியின் அணியாக வைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உடையது. நீலப் பட்டைத் தேனீ அப்பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசைகளை அதிரச் செய்கிறது. அதிர்வில் தூள் உப்புக் குப்பியிலிருந்து உப்புக் கொட்டுவது போல் கொட்டுகிறது. பறக்கும்பொழுது எழும் ஒலிக்கும் பூவைப் பற்றி அதிரும்பொழுது எழும் ஒலிக்கும் வேறுபாடு உண்டு. பின்னது உச்சம் மிக்கது. இரு ஒலிகளையும் இரு சுருதிகளில் குழந்தைகளைப் பாடவைத்தால் ஒலியே பாடமாகிறது. மெல்லினம் மிக்க தமிழில் இதற்குரிய ஒலிக்குறிப்புகளுக்குக் குறைவில்லை.

அகநானூற்றின் நான்காம் பாட்டில், மலரில் தங்கிய வண்டினம் அஞ்சிக் கலையக்கூடும் என்று தேர்மணியின் நாவைக் கட்டிவருகிறான் தலைவன். வண்டைப் பறவை என்றே அப்பாட்டு சுட்டுகிறது. ஒலியைக் குறைத்தல் என்பதையும் ஒரு பாட்டின் அசைவாக்கலாம்: உரத்துப் பாடிவரும் குழந்தைகள் பூவை அணுகியதும் குரலைத் தாழ்த்தி, விரலை வாயில் வைத்து நிற்றல். நின்றால்தான் பார்க்கலாம். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் தும்பியிடம், என்னை மகிழ்விக்கப் பேசாதே, அறிந்ததைச் சொல் என்னும் கருத்தில் வினவுகிறார். குழந்தைப் பாட்டு எழுதுவோர் தம் பாட்டிடமும் அவ்வினாவை எழுப்பிப் பார்க்கலாம்.

தேனீயின் ஆடலை விளக்கியமைக்காகக் கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உணவைக் கண்டுவந்த தேனீ அடையின்மீது உடலை ஆட்டிச் செல்லும் கோடு திசையையும், ஆட்டத்தின் நேரம் தொலைவையும் தெரிவிக்கின்றன. அவர் மாணவரான லிண்டாவர் 1950களில் இலங்கையில் ஆசியத் தேனீக்களின் ஆடலை ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் இந்தியத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு, ஒரே தொலைவை இவை வெவ்வேறு கால அளவால் குறிப்பதைக் காட்டியது. ஆய்வாளர்கள் அதனைக் கிளைமொழி என்னும் சொல்லாலேயே குறிக்கின்றனர். குறுகிய எல்லைக்குள் உணவு தேடும் இந்தியத் தேனீ சிறு தொலைவிற்கே நீண்ட ஆட்டம் ஆடுகிறது.

இதனை அபிநயப் பாட்டாக அமைப்பதற்கு வகுப்பறையினும் முற்றமே ஏற்றது. இந்தியத் தேனீ இருண்ட பொந்தில் செங்குத்தான அடையில் ஆடுவது. அங்கே மேல்நோக்கிய திசையே கதிரவன் இருக்கும் திசையாகக் கொள்ளப்படுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு அக்கணக்கு அரிது. கொம்புத் தேனீயோ திறந்த வெளியில், அடையின் தட்டையான மேற்பரப்பில் ஆடி, பூ இருக்கும் திசையையே நேராகச் சுட்டுகிறது. ஒரு குழந்தை முருங்கை மரத்தைக் கண்டுவந்து, அதன் திசை நோக்கி இடுப்பை ஆட்டிச் சில அடி நடக்க, சூழ நிற்கும் குழந்தைகள் பாடிக்கொண்டே அடிகளை எண்ணி, எண்ணி முடித்ததும் அம்மரத்தை நோக்கி ஓடுவர்.